மிச்சச் சத்தம்

அந்தப் புகாரை மூடுவதற்குக் குணசீலனுக்கு ஒன்றரை நிமிடம்தான் ஆயிற்று. அதிலும் ஒரு நிமிடம் காபி குடித்ததில் போய்விட்டது.

மாநகர் ஓரநில வாரியத்தின் புகார்ப் படிவத்தில் பதினான்கு கட்டங்கள். பெயர்: ம. அமலோற்பவம். வயது: நாற்பத்து மூன்று. தொழில்: தையல். முகவரி: ஈ பிளாக், மூன்றாம் மாடி. புகார்: எதிரில் கம்பங்கள் நட்டதிலிருந்து வீட்டில் பகலெல்லாம் தாங்க முடியாத இரைச்சல். இதுவரைக்கும் ஒன்றும் விசேஷமில்லை. பதின்மூன்றாவது கட்டம், "உடல் குறைபாடு ஏதேனும் உண்டா?" என்று கேட்டது. அதற்கு அந்த அம்மாள் மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: "உண்டு. பிறவியிலேயே காது கேட்காது."

குணசீலன் இரண்டு தடவை படித்தான். பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிறகு வாரியத்துக்கே உரிய தமிழில் குறிப்பு எழுதினான்: "மனுதாரர் செவித்திறன் அற்றவர். எனவே ஒலி குறித்த இப்புகார் ஏற்புடையதன்று. முடித்து வைக்கப்படுகிறது."

இதை வைத்து அவனைக் கெட்டவன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நல்லவர்கள் செய்கிற அவசர வேலை இருக்கிறதே, அது தனி வகை.

சென்னையின் புறவழிச்சாலையை ஒட்டி இரண்டு பக்கமும் நாற்பதடி அகலத்துக்கு நிலம் சும்மா கிடந்தது. சாலை போட்ட நாளிலிருந்தே அப்படித்தான். சீமைக்கருவேலம், உடைந்த பக்கெட், கிழிந்த பேனர், அவசரத்துக்கு ஒதுங்குகிறவர்கள். நகரத்தில் நிற்க இடமில்லாமல் ஜனங்கள் தவித்துக்கொண்டிருக்க, ஏக்கர் கணக்கில் நிலம் முள் வளர்த்துக்கொண்டிருந்தது. அதை எதற்காவது பயன்படுத்துங்கள் என்றுதான் வாரியத்தையே தொடங்கினார்கள். பூங்கா வைத்துப் பார்த்தார்கள், கடை வைத்துப் பார்த்தார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே மனிதன் நிற்க முடியவில்லை. சாலையில் ஓடிய லாரிகளின் சத்தம் மண்டையைப் பிளந்தது.

சத்தத்தை ஒழித்தால் நிலம் தானாக மனிதருக்கு வந்துவிடும் என்று சொன்னவன் வாரியத்துப் பொறியாளன் குணசீலன். அதற்கு ஏழு வருடம் உழைத்தவனும் அவனே. அந்த ஏழு வருடத்துக்குக் காரணம் அவனுடைய அக்கா திலகம்.

திலகம் நர்ஸ். பத்தொன்பது வருடமாக இரவு ஷிஃப்ட். பகலில் தூங்க வேண்டிய அவளுடைய ஒற்றை அறைக்கு ஒரு பக்கம் மாவு மில், மறுபக்கம் வெல்டிங் பட்டறை. ஒரு விடியற்காலை, கண் சொருகியபடி, ஒரு குழந்தைக்கு மருந்தை மாற்றி ஊசியில் ஏற்றிவிட்டாள். குத்துவதற்கு முன் சக நர்ஸ் பார்த்துத் தடுத்தாள். அன்று தம்பி வீட்டுக்கு வந்து திலகம் அழுத அழுகையைக் குணசீலன் மறக்கவே இல்லை.

அப்படிப் பிறந்தவைதான் அந்தக் கம்பங்கள். நட்ட புதிதில் அக்காவை அழைத்துப் போய்க் காட்டினான்.

"மேல மைக் இருக்குக்கா. வர்ற சத்தத்தைக் கேட்கும். நடுவுல இருக்கற பெட்டி அதுக்கு நேர் எதிரா ஒரு சத்தத்தை விடும். ரெண்டும் மோதி அடங்கிடும்."

"அடங்கினது எங்கடா போகும்?"

"கொஞ்சம் மிச்சம் நிக்கும். அதைக் கம்பத்தோட அடியில மண்ணுக்குள்ள இறக்கிடுவோம்."

"மண்ணு என்ன பண்ணும் அதை?"

"மண்ணுக்கு என்ன காதா இருக்கு?" என்று சிரித்தான் குணசீலன்.

கம்பங்களுக்கு நடுவில் பகலுறக்கக் கூடம் எழுந்தது. நானூறு கட்டில்கள். நர்சுகள், துப்புரவுத் தொழிலாளர்கள், காவலாளிகள், சாப்பாடு கொண்டு போய்க் கொடுப்பவர்கள் என்று, ஊர் தூங்கும்போது விழித்திருக்கிற அத்தனை பேரும் காலை ஏழு மணிக்குப் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். பத்தடி தள்ளிக் கண்டெய்னர் லாரிகள் ஊமைப்படம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. கூடத்தில் கேட்ட பெரிய சத்தம் குறட்டைதான். பல வருடமாகத் தூங்காத முகங்கள் ஒரே மாதத்தில் தெளிந்ததைப் பார்த்தவர்கள் குணசீலனைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிடத் தகுந்த காரியம்தான் அது. ஜனங்கள் அந்தக் கம்பத்துக்குச் செவிட்டுக் கம்பம் என்று பெயர் வைத்தார்கள். சாலை நெடுகிலும் நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு அவற்றை நடும் திட்டத்தை அடுத்த மாதம் அமைச்சர் வந்து அறிவிப்பதாக ஏற்பாடு. அறிவித்த மறுநாள் குணசீலன் தலைமைப் பொறியாளர்.

இந்தச் சமயத்தில்தான் அமலோற்பவம் அலுவலகத்துக்கு வந்தாள். ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, மறுகையில் ரவைப் பொட்டலம். கழுத்தில் இன்னும் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் மளமளவென்று தட்டினாள். அது செய்தி வாசிக்கும் பெண்ணின் கனிந்த குரலில், நிறுத்தி நிதானமாகப் பேசியது.

"வணக்கம். என் புகாரை மூடின அறிவாளி யாரு?"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. குணசீலன் எழுந்து நின்றான். அவன் பேசுவது அவளுடைய கைப்பேசியில் எழுத்தாக ஓடியது.

"நான்தாங்க. அது வந்து, காது கேட்காதுன்னு எழுதியிருந்தீங்க. இரைச்சல்னும் எழுதியிருந்தீங்க."

"ரெண்டும் நெசம்தான் சார். அந்தக் கம்பத்துக்கு என் பேரையே வெச்சிருக்கீங்களே, நான் சொன்னா கேட்க மாட்டீங்களா? பஸ் வர அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. வாங்க."

அவள் உதட்டில் கோபம், கைப்பேசியில் நளினம். எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் குணசீலன் சத்தம் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனான்.

ஈ பிளாக், சாலைக்கு எதிர்ப்புறம். மூன்றாம் மாடியில் ஒரு தையல் மிஷின், ஒரு கட்டில், ஒரு மாதா படம். மீட்டரை வைத்துப் பார்த்தான். முப்பத்தெட்டு டெசிபல். கம்பம் நடுவதற்கு முன் அதே வீட்டில் எழுபது இருந்தது. முன்பைவிட வீடு அமைதியாக இருக்கிறது என்று மீட்டரைத் திருப்பி அவளுக்குக் காட்டினான். அவள் அதை ஒரு பொருட்டாகக்கூட மதிக்கவில்லை. தட்டைத் தரையில் வைத்து, ரவையைப் பரப்பி, அவனை எதிரில் உட்காரச் சொன்னாள்.

"பதினோரு மணிக்குத் துறைமுகத்து லாரி வரும்" என்றது கைப்பேசி.

பதினோரு மணிக்கு ரவை அசைந்தது. முதலில் ஓரத்தில் சில மணிகள். பிறகு தட்டு முழுவதும் குறுகுறுவென்று நகர்ந்து, இரண்டு கோடுகளும் நடுவில் ஒரு வளையமுமாகச் சேர்ந்து நின்றது. யாரும் தொடவில்லை. ஃபேன் ஓடவில்லை. மீட்டர் அதே முப்பத்தெட்டில் நின்றது.

"ரவை சலிக்க உட்கார்ந்தப்பதான் பார்த்தேன். ஆனா அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். பல்லைக் கடிச்சிக்கிட்டு தாடையைச் சுவத்துல வெச்சுப் பாருங்க."

வைத்தான். பல்லின் வேரில் ஏதோ உறுமியது. காதுக்கு ஒன்றுமில்லை, எலும்புக்கு இருந்தது. அரை நிமிடத்துக்கு மேல் தாங்காமல் தாடையை எடுத்துவிட்டான்.

"நீங்க அரை நிமிஷம் சார். நான் மூணு மாசம்."

குணசீலன் அந்த பிளாக்கில் ஒவ்வொரு கதவாகத் தட்டினான். தலைவலி, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், பால் குடிக்காத கைக்குழந்தை. தொண்ணூற்றாறு வீட்டிலும் ஒரே கதை. யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அதனால் யாரும் சத்தத்தின் மேல் சந்தேகப்படவும் இல்லை.

"வீட்டுக்கு வீடு சண்டை சார்" என்றார் பிளாக் செயலாளர் ஜெகநாதன். "எவனோ ஏவல் வெச்சுட்டான்னு ரெண்டு தபா பூசணிக்காய் உடைச்சோம். வாசலெல்லாம் எலுமிச்சம்பழம் கட்டினோம். இந்தம்மா மட்டும் ஆரம்பத்துலருந்து கம்பத்தைக் கைகாட்டுது. நாங்கதான், பாவம், அதுக்கு இன்னா தெரியும்னு விட்டுட்டோம்."

படியில் இறங்கும்போது குணசீலனுக்கு விஷயம் விளங்கியது. மண்ணுக்குள் இறக்கிய மிச்சம் மண்ணோடு நிற்கவில்லை. களிமண் வழியாகச் சாலைக்கு அடியில் ஊர்ந்து போய், எதிர்ப்புறத்துக் கட்டடத்தின் தூண்களைப் பிடித்து மேலே ஏறியிருக்கிறது. காதுக்கு எட்டாத அதிர்வாக. ஏழு வருடமும் அவன் காதை வைத்தே அளந்திருக்கிறான். காது இல்லாதவள் ஒருத்தி அளந்து சொன்னதைச் சிரித்து மூடியிருக்கிறான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

மாலை நான்கு மணிக்கு, கூடத்தில் தூங்கி எழுந்த அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். திலகம் போர்வையை மடித்தபடியே கேட்டாள்.

"எனக்காகத்தானேடா பண்ணினே" என்றாள் கடைசியில்.

"ஆமாக்கா."

"அன்னிக்கு ஊசியைத் தடுக்க ஒருத்தி இருந்தா. இன்னிக்கு நான் தூங்கறதுக்காக அந்தப் பக்கம் ஒரு குழந்தை பால் குடிக்காமக் கெடக்குது. தெரிஞ்சப்புறம் எனக்கு எப்படிடா தூக்கம் வரும்? நிறுத்திடு."

நிறுத்தினான். மறுநாள் காலை கூடத்துக்கு வந்த நானூறு பேரும் லாரிச் சத்தத்தில் அரை மணி நேரம் புரண்டுவிட்டு, போர்வையோடு திரும்பிப் போனார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டக்கூடத் தெம்பில்லாமல் நடந்து போனார்கள். திலகமும் மாவு மில் பக்கத்து அறைக்கே திரும்பினாள்.

இரண்டாம் நாள் மதியம் செய்தி வாசிக்கும் குரல் மறுபடி அலுவலகத்தில் கேட்டது.

"வணக்கம். யாரோட தூக்கத்தைப் பிடுங்கி எனக்குக் குடுத்தீங்க?"

குணசீலன் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஜன்னல்லருந்து பார்த்தேன் சார். ஜனங்க போர்வையைத் தூக்கிக்கிட்டு அழாத குறையாப் போகுது. நான் நிறுத்தச் சொல்லலை. என் வீட்டுக்குள்ள விடாதீங்கன்னுதான் சொன்னேன். வேற பக்கம் திருப்புங்க."

"திருப்பலாம்மா. மணல் போட்டு அதுக்குள்ள குழாய் பதிச்சா எங்க வேணும்னாலும் கொண்டு போகலாம். ஆனா எங்க விடறது? எங்க விட்டாலும் யாரோ ஒருத்தர் இருக்காங்களே."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

"இடத்தை நான் பார்த்துத் தரேன்."

சொன்னதைச் செய்தாள். மூன்று மாதம் அவளைப் படுத்திய ஒன்றுக்குப் போக்கிடம் தேடி, முகம் தெரியாத நானூறு பேருக்காக அந்தப் பெண் பதினோரு நாள் வெயிலில் நடந்தாள். காது கேட்காதோர் சங்கத்தில் அவளோடு இருக்கும் நான்கு பேர் கூட வந்தார்கள்: ஒரு தச்சர், ஒரு ஓவிய ஆசிரியை, இரண்டு சமையல்காரர்கள். குணசீலன் ஒரு கம்பத்தையும் குழாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு இடத்திலும் கம்பத்தை ஓடவிட்டுக் குழாயை மண்ணில் செருகுவான். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு திசையிலும் நடப்பார்கள். குப்புறப் படுப்பார்கள். கன்னத்தைத் தரையில் வைப்பார்கள். அதிர்வு எவ்வளவு தூரம் போகிறது, யார் வீட்டுச் சுவரைத் தொடுகிறது என்று கைவிரலால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வாரியத்தின் கருவிகள் பதினெட்டு இடங்களைத் தேர்ந்து கொடுத்திருந்தன. அவர்களுடைய பாதங்கள் பதினேழைத் தள்ளின.

மிஞ்சியது, மேம்பாலத்திலிருந்து வண்டிகள் சுற்றி இறங்கும் வளைவுக்கு நடுவே இருந்த வட்ட நிலம். மூன்று ஏக்கர். சுற்றிலும் சாலை, உள்ளே முள். அங்கே இறக்கிய அதிர்வு நூறடிக்குள் அடங்கிவிட்டது. அமலோற்பவம் நடுவில் போய்க் குதித்துக் காட்டினாள்.

"மெத்து மெத்துன்னு இருக்கு சார். கீழ கட்டாந்தரை இல்லை. எதை விட்டாலும் உள்ளயே வாங்கிக்குது."

குணசீலன் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தான். அது ஒரு காலத்தில் ஏரி. கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடியிருந்தார்கள். ஊர் செய்த ஒரு தப்பு இப்போது உதவிக்கு வந்தது.

இயக்குநர் மார்த்தாண்டன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியை அறிந்த மனிதர்.

"அந்த வட்டத்துல விளம்பரக் கோபுரம் வரப்போகுது, குணா. நூத்திருபது அடி. கையெழுத்தாகப் போற நேரத்துல மாத்தணும்னா நிலுவையில ஒரு புகார் இருக்கணும்."

"இருக்கு சார்."

"இருந்துச்சு. நீதானே மூடினே? மறுபடி திறக்கணும்னா மூடினது தப்புன்னு நீயே கைப்பட எழுதணும். எழுதினா அது உன் ஃபைல்ல உட்காரும். தலைமைப் பொறியாளர் பதவி அதுக்கப்புறம் உன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு வாரம் யோசிச்சுச் சொல்லு."

குணசீலனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஏழு வருடம் உழைத்தவனுக்கு அந்தப் பதவி கனவில் வரத்தான் செய்யும். ஆனால் பதினோரு நாள் செருப்பில்லாமல் நடந்த கால்களைப் பார்த்தவன் அவன். தாரில் சுட்டு, முள் குத்தி, அதற்கு மேல் மஞ்சள் பூசிக்கொண்டு மறுநாளும் வந்து நின்ற கால்கள். பேனாவை அங்கேயே வாங்கி, நின்றபடி எழுதினான்.

"மனுதாரருக்குக் காது கேட்காது என்ற காரணத்தால் புகாரை மூடினேன். அவர் அறிந்ததை நான் அறியவில்லை என்பதே உண்மை. பிழை என்னுடையது. புகாரைத் திறக்கவும்."

மார்த்தாண்டன் அதை வாங்கிப் படித்துவிட்டு, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவன் கையைக் குலுக்கினார். பதவி வேறொருவருக்குத்தான் போயிற்று.

அமைச்சர் விழா நான்கு மாதம் தள்ளிப்போனது. குழாய்கள் வட்ட நிலத்துக்குப் போயின. கம்பங்கள் மறுபடி ஓடத் தொடங்கிய முதல் நாள், பதினோரு மணிக்கு, ஈ பிளாக்கின் தொண்ணூற்றாறு வீட்டிலும் தட்டில் ரவையைப் பரப்பி வைத்துக்கொண்டு ஜனங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணிகூட நகரவில்லை. ஜெகநாதன் வாசலில் கட்டியிருந்த எலுமிச்சம்பழங்களை அறுத்தெறிந்தார். அன்று பிளாக் முழுக்க உப்புமா. எதிர்ப்புறத்தில் திலகம் நான்கு மணி வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

வட்ட நிலத்துக்கு வாரியம் முள்வேலி போட்டு, 'அதிர்வு மண்டலம், உள்ளே வராதீர்கள்' என்று பலகை மாட்டியது. ஆக, சும்மா கிடக்கும் நிலத்துக்கெல்லாம் பயன் கண்டுபிடிக்க வந்த வாரியத்திடம் எதற்கும் உதவாத மூன்று ஏக்கர் மிஞ்சியது. அதைக் கேட்டும் ஒரு மனு வந்தது. எழுதியவர் ம. அமலோற்பவம். அவளும் சங்கத்தாரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அங்கே போய் இருக்க வேண்டுமாம். மார்த்தாண்டனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குணசீலன்தான் சிபாரிசு எழுதினான். அவனுக்கும் புரியவில்லை, இந்தத் தடவை புரியாமலே எழுதினான்.

ஒரு ஞாயிறு மாலை என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் போனான்.

முள்ளைச் சுத்தமாக வெட்டி எறிந்திருந்தார்கள். எழுபது எண்பது பேர் வெறுங்காலோடு புல்லில் இருந்தார்கள். சிலர் கண்ணை மூடிக் குப்புறப் படுத்திருந்தார்கள். ஓவிய ஆசிரியை உள்ளங்கையைத் தரையில் வைத்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மேம்பாலத்தில் கண்டெய்னர் வரிசை ஏறியபோது, யாரும் சொல்லாமலே எல்லோருடைய முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது. தச்சரும் அவர் மனைவியும் எழுந்து ஆடத் தொடங்கினார்கள். லாரி போன பிறகு வந்த பைக்குகளுக்கு அடியைச் சின்னதாக வைத்தார்கள். ஆட்டம் ஒரு இடத்திலும் தப்பவில்லை.

வாசலில் அமலோற்பவம் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பேசி அழகாகப் பேசியது.

"வணக்கம் சார். வீட்டுக்குள்ள நுழைஞ்சு அதட்டினா அது தொல்லை. ஞாயித்துக்கிழமை நாங்களா வந்து கேட்டா கச்சேரி. உள்ள வாங்க. ஆனா ஃபாரம் எழுதணும். உங்க வாரியத்து ரூல்."

அதே புகார்ப் படிவம்; வாரியத்தில் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். பதினான்கு கட்டங்கள். குணசீலன் பெயர், வயது, தொழில் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தான். பதின்மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. உடல் குறைபாடு ஏதேனும் உண்டா?

உள்ளே அடுத்த லாரி வரிசைக்கு முகங்கள் மலர்ந்தன. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த முகங்களைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு எழுதினான்:

"உண்டு. பிறவியிலேயே காது கேட்கும்."

அமலோற்பவம் படித்தாள். முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு, செருப்பு விடும் இடத்தைக் கைகாட்டினாள்.